எலியின் கர்ப்பம், சூளையின் வெக்கை

1

என் தங்கை உண்டாகியிருந்தபோது அவள் வீட்டு மைக்ரோவேவ் அடுப்புக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். 'கதிர் படும், கரு கலைஞ்சிடும்' என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பப்பாளி ஏற்கெனவே விலக்கப்பட்டிருந்தது. அன்னாசி, எள்ளு, கருப்பட்டி எல்லாம் 'சூடு' என்ற காரணத்தால் ஒவ்வொன்றாக வெளியேறின. மொட்டைமாடியிலிருந்து தெரியும் செல்போன் கோபுரத்தைப் பற்றியும் பேச்சு ஓடியது. இதில் கேலி செய்ய எதுவுமில்லை. அக்கறையிலிருந்து வருகிற பயம் அது.

அதே வாரம் கும்மிடிப்பூண்டியிலிருந்து திரும்பும் மின்சார ரயிலில், கவரைப்பேட்டை தாண்டியதும், எதிரே இருந்த பெண்ணோடு பேச்சு வந்தது. சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் காண்டிராக்டில் வேலை. "உலைப் பக்கம் கூட்டி வாரணும்ணா. கால வச்சா செருப்பு இளகும்." இப்போது ஐந்தாம் மாதம். "நாலு மாசம் வரைக்கும் வாயத் தொறக்கல. சொன்னா நாளையிலேர்ந்து வராதன்னுடுவாங்க." கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "போன வருசம் ஒண்ணு நிக்கல. எனக்குச் சூட்டு ஒடம்பாம்."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்திலிருந்து தொடங்குகிறது. 'சூட்டு உடம்பு' என்ற சொல் எங்கே வைக்கிறது சூட்டை? உலையில் அல்ல, அவள் உடம்பில். ஒரு வீட்டில் அடுப்பு சந்தேகத்துக்குள்ளாகிறது. இன்னொரு இடத்தில் உலை சந்தேகத்துக்கு அப்பாற்பட்டு நிற்கிறது, பெண் குற்றவாளியாகிறாள். இந்த இரண்டு சூடுகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்த இடம் ஒன்று உண்டு. அது விலங்குச் சோதனைக்கூடம். நான் விஞ்ஞானி அல்ல. வாசித்ததைப் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன்.

2

முதலில் 'கதிர்' என்ற சொல்லைப் பிரித்துவிட வேண்டும். எக்ஸ் கதிரும் மைக்ரோ அலையும் தமிழில் ஒரே சொல்லுக்குள் அடைக்கப்பட்டிருப்பதால் ஒன்றின் பயம் மற்றதன் மேல் ஏறிக்கொள்கிறது. எக்ஸ் கதிர், அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பெயர்த்தெறியும். அதற்குச் சுமார் 10 எலக்ட்ரான் வோல்ட் அளவிலாவது ஆற்றல் வேண்டும். சமையலறை அடுப்பின் அலை நொடிக்கு 245 கோடி முறை, அதாவது 2450 மெகா ஹெர்ட்ஸில் அதிர்வது. அதன் ஒரு துகளின் ஆற்றல் ஓர் எலக்ட்ரான் வோல்டில் லட்சத்தில் ஒரு பங்கு. மரபணுவை உடைக்கும் பலம் அதற்கு இல்லை. அது செய்வது வேறு: நீர் மூலக்கூறுகளைத் திருப்பித் திருப்பி அசைக்கிறது, அசைவு சூடாகிறது. நம் உடம்பில் பெரும்பங்கு நீர் என்பதால் நாமும் சூடாகத் தக்கவர்களே.

இதை உலகம் முதலில் கற்றுக்கொண்டது எலியிடமிருந்து அல்ல, தொழிலாளியிடமிருந்து. 1920களின் கடைசியில் அமெரிக்காவின் ஷெனெக்டடியில், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் சிற்றலை வானொலிக் கருவிகளின் அருகே நின்று வேலை பார்த்தவர்களுக்கு உடம்பு சுட்டது. அந்நிறுவனத்தின் ஆய்வுத் தலைவர் வில்லிஸ் விட்னி இதைக் கவனித்தார். ஆல்பனி மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஹெலன் ஹாஸ்மர் 1928இல் இந்தச் சூடேற்றத்தைப் பற்றி எழுதினார். 1930இல் கார்ப்பென்டரும் பேஜும் மனிதருக்குச் சிற்றலை மூலம் காய்ச்சல் உண்டாக்குவது குறித்து 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். காய்ச்சலால் மேகநோய்க் கிருமியைக் கொல்லலாம் என்று நம்பப்பட்ட காலம் அது. தொழிலாளியின் மேல் ஏறிய வேண்டாத சூடு சில ஆண்டுகளுக்குள் மருத்துவத்தின் கருவியாயிற்று. ஓர் உடலின் உபாதை எப்படி ஓர் அறிவாக உருமாறுகிறது, அந்த உடல் எப்படி அந்த அறிவிலிருந்து மறைந்துவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

3

இனி விலங்குகள்.

ஆஸ்திரேலியாவில் சிட்னி பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர் மார்ஷல் எட்வர்ட்ஸ், கருவுற்ற கினி எலிகளைச் சூடான பெட்டிக்குள் வைத்து எடுத்து, 1967இல் முடிவுகளை வெளியிட்டார். இதில் அலை கிடையாது, கதிர் கிடையாது; வெறும் சூடு. தாயின் உள்ளுடல் வெப்பம் இயல்பைவிட இரண்டு, இரண்டரை டிகிரி ஏறினால் போதுமானதாக இருந்தது. சில குட்டிகள் கருவிலேயே செத்தன. சில சிறுத்த மூளையோடு பிறந்தன. எந்த நாளில் சூடுபட்டது என்பதைப் பொறுத்து எந்த உறுப்பு பழுதாகிறது என்பது மாறியது. கரு வளர்ச்சிக்கு ஒரு கால அட்டவணை இருக்கிறது. அன்றைக்கு எந்த உறுப்பின் உயிரணுக்கள் வேகமாகப் பிளந்து பெருகிக்கொண்டிருக்கின்றனவோ அவைதான் சூட்டுக்கு முதலில் இரையாகின்றன.

மைக்ரோ அலைச் சோதனைகளின் கதை சிக்கலானது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையில் எஸ்ரா பெர்மன் குழுவினர் சுண்டெலிகள்மேல் 2450 மெகா ஹெர்ட்ஸ் அலையைச் சதுர சென்டிமீட்டருக்கு 28 மில்லி வாட் வீதம் செலுத்தி, குட்டிகளின் எடை குறைவதை 1978இல் காட்டினார்கள். அதே அலையை அதே அளவில் எலிகளுக்குச் செலுத்தியபோது, 1981இல், அப்படி ஒன்றும் தெரியவில்லை. 1982இல் பிலடெல்பியாவில் ரொனால்ட் ஜென்ஷ் 915 மெகா ஹெர்ட்ஸ், 10 மில்லி வாட் அளவில் எலிகளைச் சோதித்தார். பிறவிக் குறை ஏதும் கூடவில்லை.

சுண்டெலிக்கு ஆவது எலிக்கு ஏன் ஆகவில்லை? ஒரு காரணம் உடலின் நீளம். ஓர் உடல் தன் நீளத்துக்கு ஒத்த அலையைத்தான் அதிகம் உறிஞ்சும். சமையலறை அலை சுண்டெலிக்கு ஏறக்குறைய அளவெடுத்துத் தைத்தது. நிற்கும் மனிதருக்கு அப்படிப் பொருந்துவது 70, 80 மெகா ஹெர்ட்ஸ் அளவிலானது. ஆகவே 'எலிக்கு ஆனது நமக்கும் ஆகும்' என்று சொல்வதும் 'எலிதானே' என்று தள்ளுவதும் ஒரே பிழையின் இரு முகங்கள். ஒப்பிட வேண்டியது வெளியே எவ்வளவு அலை என்பதை அல்ல. உள்ளே எவ்வளவு சூடு என்பதை.

இதைத் தெளிவாகக் காட்டியவர் அமெரிக்கத் தொழில்சார் உடல்நல நிறுவனத்தின் ஜோசப் லாரி. அவர் எடுத்துக்கொண்டது 27.12 மெகா ஹெர்ட்ஸ். தேர்வு தற்செயலானதல்ல, பிளாஸ்டிக் உறைகளை அழுத்தி ஒட்டும் இயந்திரங்களின் அலை அதுதான். அந்த இயந்திரங்களின் முன் உட்காரும் தொழிலாளர்களைப் பற்றி அந்நிறுவனம் 1979இலேயே எச்சரிக்கை வெளியிட்டிருந்தது. 1982இல் லாரி, கருவுற்ற எலிகளை அவற்றின் உடல் வெப்பம் 43 டிகிரி ஆகும்வரை சூடேற்றினார். கருக்கள் செத்தன, பிழைத்தவை ஊனப்பட்டன. பிறகு சூடேற்றாத அளவுக்குக் குறைந்த அலையை, 100 மெகா ஹெர்ட்ஸில், செலுத்திப் பார்த்தார். 1983இல் வெளியான அந்த முடிவில் கருவுக்குக் கேடு தெரியவில்லை. தொடர்ந்து செய்த சோதனைகளில், தாயின் உடல் எவ்வளவு டிகிரியை எவ்வளவு நேரம் தாங்கியது என்பதைப் பொறுத்துக் கேடு கூடுவதைக் காட்டினார்.

இவை எல்லாவற்றிலிருந்தும் நான் எடுத்துக்கொள்வது இதுதான்: விலங்குகளின் கர்ப்பத்தை மைக்ரோ அலை குலைத்ததாக உறுதியாகக் காட்டப்பட்ட இடங்களில் குலைத்தது சூடு. மனிதரிலும் ஓரளவு தடயம் உண்டு. 1993இல் அமெரிக்காவில் பெண் பிசியோதெரபிஸ்டுகளிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வொன்றில், மைக்ரோ அலை ஒத்தடக் கருவியைக் கையாண்டவர்களிடம் கருச்சிதைவு சற்றுக் கூடுதலாக இருந்தது. சிற்றலைக் கருவியைக் கையாண்டவர்களிடம் அப்படி இல்லை. 1992இல் மிலுன்ஸ்கி குழுவினர் 23,000க்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து, கர்ப்பத்தின் முதல் மாதங்களில் வெந்நீர்த் தொட்டியில் அமிழ்ந்து குளித்தவர்களின் குழந்தைகளுக்கு முதுகுத்தண்டு, மூளை மூடாக் குறை இரண்டரை மடங்குக்கு மேல் என்று கண்டார்கள். கவனியுங்கள்: வெந்நீர்த் தொட்டி. மனிதப் பெண்ணின் கர்ப்பமும் சூடும் பற்றிய கேள்வி முதலில் எழுந்த இடங்களில் ஒன்று அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் குளியல். சூளை அல்ல.

மூடிய கதவுள்ள அடுப்பிலிருந்து கசியும் அலை இந்த அளவுகளுக்குப் பல மடங்கு கீழே. தங்கையின் அடுப்பு பாவம்.

4

இப்போது நான் சொல்ல விரும்பும் முக்கியமான சோதனைக்கு வருகிறேன். இதில் கர்ப்பம் கிடையாது. ஆனால் வேலை உண்டு.

அலைக்கு எல்லை எங்கே கோடு போடுவது என்று தேடியபோது, அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் ஜான் டிலோர்ஜ் குரங்குகளைப் பயன்படுத்தினார். பசித்த குரங்குக்கு ஒரு விசையை அழுத்தினால் தீனி கிடைக்கும் என்று பழக்குகிறார்கள். அது அழுத்திக்கொண்டிருக்கும்போதே அலையைச் செலுத்துகிறார்கள். உடல் வெப்பம் சுமார் ஒரு டிகிரி ஏறியதும் குரங்கு விசையை விட்டுவிடுகிறது. தீனி முன்னால் இருந்தும் வேலையை நிறுத்திவிடுகிறது. எலிகளிடமும் இதே மாதிரி. பல விலங்குகள், பல அலைகள். எல்லாவற்றிலும் இந்த 'வேலைநிறுத்தம்' நிகழ்ந்த இடத்தைக் கணக்கிட்டபோது, உடல் எடையில் கிலோ ஒன்றுக்குச் சுமார் 4 வாட் என்று வந்தது.

இன்று உலகம் முழுக்க அலைகளுக்கு விதிக்கப்படும் வரம்புகளின் அஸ்திவாரம் அந்த 4 வாட்தான். அதைப் பத்தால் வகுத்துத் தொழிலாளிக்கு 0.4. ஐம்பதால் வகுத்துப் பொதுமக்களுக்கு 0.08. பன்னாட்டு ஆணையம் 2020இல் வெளியிட்ட நெறிமுறையில், கர்ப்பிணித் தொழிலாளியின் கருவைக் காக்க, அவருக்குப் பொதுமக்களுக்கான வரம்பே பொருந்தும் என்றது. இந்தியா ஒரு படி மேலே போய், செல்போன் கோபுரங்களுக்கான வரம்பைப் பன்னாட்டு அளவில் பத்தில் ஒரு பங்காக 2012 செப்டம்பர் 1 முதல் குறைத்தது. ஒரு குரங்கு கையெடுத்த இடத்திலிருந்து இத்தனை தூரம் தள்ளி நம்மை நிறுத்தியிருக்கிறார்கள். நல்லது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சும்மா உட்கார்ந்திருக்கும் உடல் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு வாட் சூட்டை உற்பத்தி செய்கிறது. அதன்மேல் அலை 4 வாட் சேர்த்தால் மொத்தம் 5. இனி அலையை விட்டுவிடுங்கள். மிதமான உழைப்பில் இருக்கும் உடல், தோல்பரப்பின் சதுர மீட்டருக்குச் சுமார் 165 வாட் சூட்டை உண்டாக்குகிறது என்பது பணியிட வெப்பத்துக்கான பன்னாட்டுத் தரக் கணக்கு. ஒன்றரைச் சதுர மீட்டர் தோலும் 50 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்ணுக்கு இது ஏறக்குறைய 250 வாட். கிலோவுக்கு 5 வாட்.

அதாவது குரங்கு நிறுத்திய இடத்தில் இவள் நாள் முழுக்க நிற்கிறாள்.

அவசரப்படக் கூடாது. உழைப்பின் சூட்டை வியர்வை வெளியேற்றுகிறது. உடம்பு அதற்காகவே அமைந்தது. ஆனால் வியர்வை உலர்ந்தால்தான் குளிரும். எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை கடற்காற்றின் ஈரம், மேலே மே மாத வெயில், பக்கத்தில் சூளையின் அனல் என்றாகும்போது வியர்வை வழிகிறதே தவிர உலர்வதில்லை. ஒதுங்கக் கழிப்பிடம் இல்லாததால் தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறாள். வயிற்றில் இருக்கும் கரு தாயைவிட எப்போதும் அரை டிகிரி அளவு சூடாகவே இருக்கிறது. தன் சூட்டை நஞ்சுக்கொடி வழியே தாயின் ரத்தத்தில் இறக்குவதுதான் அதற்குள்ள முக்கிய வழி. தாய் கொதிக்கும்போது அவள் உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள ரத்தத்தைத் தோலுக்குத் திருப்புகிறது. கருப்பைக்குப் போவது குறைகிறது. கரு தன் சூட்டோடு உள்ளே மாட்டிக்கொள்கிறது.

குரங்கு விசையை விட்டதற்கு இன்னொரு காரணம் உண்டு: அதனால் விட முடிந்தது. திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சேம்பர்களில் கல் அறுப்பவர்களில் பெரும்பகுதியினர் மேற்கு ஒடிசாவின் பலாங்கிர், நுவாபடா பக்கத்திலிருந்து குடும்பமாக வருகிறவர்கள். கிளம்பும் முன்பே முன்பணம் வாங்கியிருப்பார்கள். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு. கணவன் மண் குழைக்க, மனைவி அச்சில் இட, குழந்தை பச்சைக் கல்லைத் திருப்பிப் போட, குடும்பமே ஒரு யூனிட். அவள் நிறுத்தினால் கணக்கு ஏறாது. கணக்கு ஏறாவிட்டால் கடன் இறங்காது. குரங்குக்கு மேஸ்திரி இல்லை.

5

'இங்கே இதை யாரும் ஆராயவில்லையா?' என்று கேட்கலாம். ஆராய்ந்திருக்கிறார்கள், வெகு தாமதமாக. போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் 2017 முதல் 2022 வரை தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணித் தொழிலாளர்களைப் பின்தொடர்ந்தார்கள். ஏறக்குறைய பாதிப்பேர் வெக்கையில் வேலை செய்தவர்கள்: சூளை, வயல், உப்பளம். வெப்பமானி, ஈரமானி, வெயில் மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் அளவீட்டில், கடும் உழைப்புக்கு 27.5 டிகிரி, மிதமான உழைப்புக்கு 28 என்பது எல்லை. அதற்குமேல் உழைத்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் இருமடங்கு என்று, 2023இல் பிரிட்டிஷ் மகப்பேறு மருத்துவ இதழில் முடிவு வெளியாயிற்று. காம்பியாவில் வயலில் வேலை செய்த 92 கர்ப்பிணிகளிடம் அனா போனெல் குழு நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வு, தாய்க்கு வெப்பச் சுமை ஏறும்போது கருவின் இதயத்துடிப்பும் தடுமாறுவதைக் காட்டியது. கினி எலி 1967இல் சொன்னதை ஒரு தமிழ்ப் பெண்ணின் உடம்பு சொல்ல 56 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. எலியைப் பெட்டிக்குள் வைத்து அளந்தார்கள். இவளை அளக்காமலே வைத்திருந்தோம்.

சட்டம் என்ன செய்தது? 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், கர்ப்பிணி கேட்டுக்கொண்டால் அவருக்குக் கடுமையான வேலை கொடுக்கக் கூடாது என்றது. எப்போது? பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரமும் அதற்கு முந்தைய ஒரு மாதமும். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டது. அதாவது வயிறு வெளியே தெரியும் கடைசிப் பத்து வாரம். ஆனால் கருவின் நரம்புக் குழாய் மூடிக்கொள்வது கரு உண்டான 28 நாட்களுக்குள். 'நாள் தள்ளிப்போச்சோ' என்று அவளே சந்தேகப்படும் நேரத்தில் அந்த வேலை முடிந்துவிடுகிறது. சட்டம் பார்ப்பது வயிற்றை. சூடு பார்ப்பது உயிரணுவை. ரயில் பெண் நான்கு மாதம் வாயைத் திறக்காமல் இருந்தாளே, மிகுந்த ஆபத்துள்ள காலம் அந்த மௌனத்துக்குள்தான் கழிந்திருக்கிறது. அவளைப் பேசவிடாமல் செய்தது அறியாமை அல்ல, வேலை போய்விடும் என்ற அறிவு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'அப்படியானால் பெண்களைச் சூடான வேலைக்கே எடுக்க வேண்டாம்' என்று நிர்வாகம் சொல்லும், மிகுந்த கருணையோடு. அமெரிக்காவில் ஜான்சன் கன்ட்ரோல்ஸ் என்ற பேட்டரி நிறுவனம் ஈயத்தால் கருவுக்குக் கேடு என்று, பிள்ளை பெறக்கூடிய பெண்கள் அத்தனை பேரையும் அந்த வேலைகளிலிருந்து விலக்கியது. 1991இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைப் பாரபட்சம் என்று தீர்ப்பளித்தது. காற்றில் ஈயம் அப்படியே இருக்க, பெண் மட்டும் வெளியேற்றப்படுவது பாதுகாப்பல்ல. கருவை ஓர் உரிமைதாரராகவும் தாயை அதைச் சுமக்கும் பாத்திரமாகவும் பிரிக்கிற சொல்லாடல் அது. 'சூட்டு உடம்பு' என்ற நம் சொல்லும் அதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டிலும் உலை தப்பித்துக்கொள்கிறது.

செய்ய வேண்டியவை பெரிய விஞ்ஞானம் அல்ல. நிழல், குடிநீர், கழிப்பிடம், மணிக்கொரு தரம் கூலி பிடிக்காத ஓய்வு, உச்சி வெயிலில் வேலை இல்லாத நேர ஒழுங்கு. முக்கியமாக, இவை ஆணுக்கும் பெண்ணுக்கும், கர்ப்பம் என்று அறிவிக்காமலே, எல்லாருக்கும். அப்போதுதான் அந்த முதல் 28 நாளும் காக்கப்படும். ஆண்டு வெப்பத்தை எந்தக் கோபுரத்துக்கும் குறையாத கண்டிப்போடு அளக்க, ஆலை வாசலில் ஒரு கருவி போதும்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கணக்கில் ஏற ஒரு பிணம் வேண்டும். இரண்டாம் மாதத்தில் வழிந்து போனதற்குப் பிணமும் இல்லை, பெயரும் இல்லை, பதிவேடும் இல்லை. லாரியின் எலிகளுக்குப் பதிவேடு இருந்தது: எந்த எலி, எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், எத்தனை கரு நின்றது, எத்தனை நிற்கவில்லை.

ரயில் பெண் பேசின் பிரிட்ஜில் இறங்கினாள். இறங்கும்போது என் கையில் இருந்த தாள்களைக் காட்டி, "இதுல எங்களப் பத்தி போட்ருக்கா?" என்று கேட்டாள். எலியைப் பற்றிப் போட்டிருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.